கிடங்கில் பிறந்த தாளம்



எளாவூரில் 'வேர்ஹவுஸ்' என்ற சொல்லுக்கு யாரும் பொருள் சொல்லித் தர வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி சோதனைச்சாவடிப் பக்கம் வரும்போது சாலையோரத்தில் அந்தப் பெயர்ப் பலகைகளைப் பார்க்கிறோம். நம் பிள்ளைகள் பலர் ஒப்பந்தக்காரர் சொல்லும் கூலிக்கு, பன்னிரண்டு மணி நேர ஷிப்டில், பெட்டி ஏற்றி இறக்குவது அங்கேதான். நம் பெரியவர்கள் அதைக் குடோன் என்பார்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதும் ஒரு குடோனைப் பற்றித்தான். அது சிகாகோ நகரத்தில் இருந்தது. அதற்குப் பெயரே 'தி வேர்ஹவுஸ்'. 1977இலிருந்து 1982 வரை அங்கே விடிய விடிய ஆடியவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆணை விரும்பிய ஆண்கள். இன்று உலகம் முழுக்க 'ஹவுஸ் மியூசிக்' என்று விற்கப்படும் இசைக்கு அந்தக் குடோன்தான் தாய்வீடு. 'வேர்ஹவுஸ்' என்ற பெயரில் பாதி ஒடிந்துதான் 'ஹவுஸ்' ஆனது.

அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் சிலர் நேராகவே கேட்டார்கள்: "அண்ணன் காலமெல்லாம் பறை அடிச்ச மனுஷன். அவர் நினைவு நாள்ல அமெரிக்கக்காரன் டிஸ்கோவா?" கேள்வி நியாயமானதுதான். சிகாகோவுக்குப் போய்விட்டுத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

சவுத் ஜெஃபர்சன் தெரு, எண் 206. மூன்று மாடி உள்ள பழைய தொழிற்கட்டடம். நியூயார்க்கிலிருந்து வந்த ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவர் அதை எடுத்து ஆட்டக்கூடமாக்கினார். ஊரில் வேறு ஆட்டக்கூடங்கள் இல்லாமல் இல்லை. தன்பாலீர்ப்பாளர்களுக்கென்றே நடந்த கூடங்களும் இருந்தன. ஆனால் அவற்றின் வாசலில் ஒரு தந்திரம் இருந்தது. வெள்ளையர் வந்தால் கதவு திறக்கும். கறுப்பர் வந்தால் மட்டும் இரண்டு அடையாள அட்டை, மூன்று அடையாள அட்டை கேட்பார்கள். 'கறுப்பருக்கு அனுமதியில்லை' என்று பலகை மாட்ட மாட்டார்கள், அது சட்டவிரோதம். நம்மூர் டீக்கடையில் இரட்டைக் குவளைக்கு எவன் பலகை வைத்தான்? இருந்ததல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஒரு பக்கம், தன்னைப் போலவே போலீசுக்குப் பயந்து வாழும் வெள்ளைக்காரனே கதவைச் சாத்துகிறான். மறுபக்கம் சொந்த வீடு, சொந்தத் தெரு, சொந்தச் சபை. கறுப்பின மக்களுக்கு அடிமைக் காலத்திலிருந்தே தெம்பு கொடுத்த இடம் சபை. அந்தச் சபையின் பிரசங்க மேடையிலிருந்தே 'இவன் பாவி' என்ற குரல் வந்தது. இரண்டு வாசலிலும் நிற்க முடியாதவர்களுக்காக மூன்றாவதாகத் திறந்த வாசல்தான் வேர்ஹவுஸ்.

அங்கே இசை கோத்தவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். 1955இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். வில்லியம்ஸ் முதலில் அழைத்தது ஃபிராங்கியின் இளமைக்கால நண்பர் லாரி லெவானை. அவர் நியூயார்க்கை விட்டு வர மறுத்ததால் ஃபிராங்கி வந்தார். சனிக்கிழமை இரவு தொடங்கும் ஆட்டம் ஞாயிறு பகல் வரை நீளும். ஊர் சபைக்குப் போகிற நேரத்தில் இவர்கள் வியர்வையில் நனைந்து வெளியே வருவார்கள். அந்த இடத்தை ஃபிராங்கியே ஒரு தேவாலயம் என்றுதான் சொன்னார். அருளிலிருந்து விழுந்தவர்களுக்கான தேவாலயம். அங்கே மது விற்கவில்லை. பழச்சாறும் தண்ணீரும்தான். 'கிளப்' என்றதும் நம் மனதில் வரும் சினிமாக் காட்சியை, வில்லன் கையில் கிளாஸ், பின்னால் அரைகுறை ஆடையில் ஒரு பெண், அதை இங்கே கழற்றி வைத்துவிடுங்கள். வாரமெல்லாம் உழைத்த உடம்பு ஆடத்தான் அங்கே வந்தது.

இசையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிஸ்கோவின் அடிப்படை மிக எளிது: நாலு எண்ணிக்கை, நாலிலும் பெரிய முரசில் சமமான அடி. 1973இல் பிலடெல்ஃபியாவின் முரசுக் கலைஞர் ஏர்ல் யங் அந்த அடியை நிலைநிறுத்தினார் என்பார்கள். ஃபிராங்கி புதிதாகச் செய்தது, பாட்டை வெட்டி ஒட்டியது. மூன்று நிமிடப் பாட்டில் கூட்டம் எந்த இடத்தில் துள்ளுகிறது என்று கவனிப்பார். அந்த இடத்தை மட்டும் டேப்பில் திரும்பத் திரும்பப் பதிந்து நீட்டுவார். பிறகு தாள எந்திரத்தின் அடியையும் சேர்த்துக்கொண்டார். பறை தெரிந்தவருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆடுகிறவன் காலைப் பார்த்து அடியை நீட்டுவதும், அவன் உச்சத்துக்குப் போகும்போது அடியை மாற்றிக் கொடுப்பதும் அண்ணன் நமக்குக் கற்றுத் தந்த முதல் பாடம். 'காதால அடிக்காதடா, கண்ணால அடி' என்பார்.

இன்னொன்று. நடு இரவில் ஃபிராங்கி எல்லா விளக்கையும் அணைத்துவிடுவாராம். கும்மிருட்டு. பிறகு ஒலிபெருக்கிகளில் ஒரு ரயில் பாய்ந்து வரும் சத்தம். அது கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடும். கூட்டம் அலறிச் சிரிக்கும். கூடூர் தடத்து ரயில்களின் சத்தத்தில் தூங்கி எழுந்தவர்கள் நாம். இருட்டில் வரும் ரயில் சத்தம் நெஞ்சுக்கூட்டில் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும்.

நியூயார்க்கில் லாரி லெவான் இசைத்த இடம் 'பாரடைஸ் கராஜ்'. கிங் தெரு, எண் 84. பெயருக்கேற்ற பழைய வாகனக் கொட்டகை. அங்கேயும் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்கள். அங்கேயும் மது விற்பனை இல்லை. 1977இல் ஆட்டம் தொடங்கி 1987 செப்டம்பரில் மூடப்பட்டது. குடோன், கொட்டகை: இரவில் யாரும் இல்லாத இடங்களே இவர்களுக்குக் கிடைத்தன. சேரி எங்கே இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இப்போது 1979 ஜூலை 12. அதே சிகாகோ. கமிஸ்கி பார்க் என்ற பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால் என்ற வெள்ளைக்கார வானொலித் தொகுப்பாளர் ஓர் அறிவிப்பு செய்தார்: ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கொண்டுவாருங்கள், 98 செண்டுக்கு ஆட்டம் பார்க்கலாம், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே எல்லாத் தட்டுகளையும் வெடிவைத்துத் தகர்ப்போம். சுமார் ஐம்பதாயிரம் பேர் திரண்டார்கள். தட்டுகள் வெடித்தன. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து தீ மூட்டியது. இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை.

அன்று அந்த மைதானத்தில் வழிகாட்டி வேலை பார்த்த கறுப்பினச் சிறுவன் வின்ஸ் லாரன்ஸ். பின்னாளில் அவரே ஹவுஸ் இசையின் முதல் தட்டுகளில் ஒன்றை உருவாக்கியவர். வந்து குவிந்த தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத எத்தனையோ கறுப்பின இசைத்தட்டுகள் கிடந்ததைத் தாம் பார்த்ததாக அவர் பல முறை சொல்லியிருக்கிறார். டிஸ்கோ பிடிக்கவில்லை என்பது ரசனை, அதில் தப்பில்லை. ஆனால் எரிக்கக் கொண்டுவந்தது டிஸ்கோவை மட்டுமல்ல. நாமும் கேட்டிருக்கிறோமே: 'கானாவா, அது சாவுப் பாட்டு.' 'பறையா, வீட்டுக்குள்ள கொண்டு வராதே.' அந்த வாய் பேசுவது சத்தத்தைப் பற்றி மட்டுமா?

டிஸ்கோ செத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அந்த மைதானத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஜெஃபர்சன் தெருக் குடோனில் அந்தச் சனிக்கிழமையும் அடுத்த சனிக்கிழமையும் ஆட்டம் நடந்தது.

நம்மிடம் டிஸ்கோ வந்த வழி வேறு. சினிமா கொண்டுவந்தது. 1982இல் இந்தியில் 'டிஸ்கோ டான்சர்', 1985இல் அதன் தமிழ் வடிவம் 'பாடும் வானம்பாடி'. மினுமினுக்கும் சட்டையும் கலர் விளக்கும் வந்தன. அவற்றை முதலில் அணிந்து ஆடியவர்கள் யார் என்ற செய்தி மட்டும் வழியில் எங்கோ இறக்கிவிடப்பட்டது. திருவிழா ரெக்கார்டு டான்ஸ் மேடையில் பெண் வேடமிட்டு ஆடிய நம் பையன்களையும் இங்கே நினைக்கிறோம். அவர்கள் ஆட்டத்துக்கு விசில் அடித்த ஊர், விடிந்ததும் அவர்களை என்ன சொல்லிக் கூப்பிட்டது என்பதை மேடையில் சொல்ல முடியாது.

1982இலேயே ஹெச்.எம்.வி. வெளியிட்ட ஒரு தட்டு உண்டு. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் எந்திரங்களை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ அடியில் வாசித்திருந்தார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் பயன்படுத்திய எந்திரங்களில் ஒன்று டிபி-303. அது சந்தையில் தோற்று 1984இல் உற்பத்தியே நின்றுபோனது. விற்காத எந்திரம் மலிவாகக் கைமாறியதால்தான் அது சிகாகோவின் ஏழைக் கறுப்பின இளைஞர்களுக்கு எட்டியது. அதிலிருந்து அவர்கள் 1987இல் 'ஆசிட் ஹவுஸ்' என்ற புதிய ஒலியை எடுத்தார்கள். அடுத்தவன் கழித்துப் போட்டதிலிருந்து இசை எடுப்பது உலகத்துச் சேரிகளுக்கெல்லாம் பொது. செத்த மாட்டுத் தோலிலிருந்து பறை எடுத்தவர்களுக்குத் தெரியாததா?

பிறகு நோய் வந்தது. 1982 ஏப்ரலில், எய்ட்ஸ் என்ற பெயர்கூட வைக்கப்படாத நாளில், நோயாளிகளுக்கு நிதி திரட்டும் ஆட்டம் ஒன்று பாரடைஸ் கராஜில் நடந்தது. அரசு வாய் திறக்காதபோது ஆட்டக்கூடம் உண்டியல் ஏந்தியது. கராஜ் மூடிய சில மாதங்களுக்குள், 1987 டிசம்பரில், அதன் உரிமையாளர் மைக்கேல் பிராடி எய்ட்ஸால் இறந்தார். டிஸ்கோவின் பெரும் பாடகர், கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர் சில்வெஸ்டர் 1988 டிசம்பரில் இறந்தார். லாரி லெவான் 1992இல் இதயம் நின்று போனபோது வயது 38.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான், 1986இல். மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளிப் பெண்களின் ரத்தத்தைச் சோதித்து அறிந்தார்கள். அதற்குப் பிறகு நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுநர்களைப் பார்த்து விழிப்புணர்வுப் பலகைகள் முளைத்தன. சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ஊர் நம்முடையது. அந்த வரிசையின் ஓரத்தில் பிழைத்த பெண்களும், திருநங்கைகளும், கோத்திப் பையன்களும் யாருடைய பிள்ளைகள்? அவர்களில் எத்தனை பேருக்கு நாம் நினைவுக்கூட்டம் நடத்தினோம்?

கறுப்பருக்கும் நமக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1946இலேயே அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ், பிளாக் பேந்தர் இயக்கத்தின் பெயரையே எடுத்துக்கொண்டது. நாம்தேவ் தசாலின் 'கோல்பிட்டா' காமாட்டிபுரத்துப் பெண்களைக் கவிதைக்குள் கொண்டுவந்ததும் அதே ஆண்டு. சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல என்று சமூகவியல் வகுப்பில் படித்தோம். சரிதான். ஆனால் நாம் கறுப்பரிடமிருந்து போராட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விட்டுவிட்டோம். மால்கம் எக்ஸ் படம் நம் மன்றத்துச் சுவரில் இருக்கிறது. ஃபிராங்கி நக்கிள்ஸின் பெயரை இந்த உரை தயாரிக்கும்வரை எங்களில் பலர் கேட்டதில்லை.

இங்கே நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. லிவிங் ஸ்மைல் வித்யா 2007இல் 'நான், வித்யா'வில் தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். கிரேஸ் பானு சாதியையும் பாலினத்தையும் சேர்த்தே பேசி, திருநர்களுக்குக் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்டு இன்றும் தெருவில் நிற்கிறார். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையில் கானா கோட்டும் சூட்டுமாக நிமிர்ந்து நின்றது. அதே ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து இருவர் மனமொத்த உறவை விடுவித்தது. சட்டம் அவ்வளவு தூரம் வந்துவிட்டது.

நாம் எவ்வளவு தூரம் வந்தோம்? இங்கேதான் அழைப்பிதழ் கேள்விக்குப் பதில்.

அண்ணன் நடத்திய பறைப் பயிற்சிக்கு ஒரு பையன் வந்தான். பகலில் குடோனில் மூட்டை தூக்குவான், மாலையில் பறையைத் தீயில் காய்ச்சுவதிலிருந்து எல்லா வேலையும் அவனே செய்வான். அடவு போட்டு ஆடினால் கண்ணை எடுக்க முடியாது. அவன் நடையும் கையசைவும் வேறு மாதிரி இருந்தன. பின்னால் பேசினார்கள், முன்னாலும் பேசினார்கள். ஒரு ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம். முன்வரிசையில் அவன் நிற்க வேண்டியது. "அவன் முன்னாடி ஆடினா ஊர்க்காரன் சிரிப்பான், நம்ம மானம் போயிடும், பின்னால நிக்கட்டும்" என்று நம் மன்றத்திலேயே முடிவானது. அண்ணன் மட்டும் எதிர்த்தார். மற்ற நாங்கள் சும்மா இருந்தோம். ஊர்க்காரன் சிரிப்புக்குப் பயந்து எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மேடைதோறும் பேசிய நாங்கள்தான். அவன் பறையைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வரவில்லை. அண்ணன் கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோதும் அவனைப் பற்றி இரண்டு முறை கேட்டார்.

சிகாகோவில் 2004இல் அந்தத் தெருப் பகுதிக்கு ஃபிராங்கியின் பெயரைக் கௌரவப் பெயராக வைத்தார்கள். அவர் 2014இல் காலமானார். 2023இல் அந்தக் குடோன் கட்டடத்தை நகரமன்றம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. தட்டுகளை வெடிவைத்த நகரம் இவ்வளவுக்கு வர 44 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

போன மாதம் அந்தப் பையனின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினோம். இப்போது பையன் இல்லை, முப்பது தாண்டியாயிற்று. வேறு ஊரில், வேறு குடோனில் வேலை. அண்ணன் நினைவு நாள், வந்து பறை அடிக்க வேண்டும் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கேட்டான்:

"முன்னாடி நிக்கணுமாண்ணா, பின்னாடியா?"

முன்னாடி என்றோம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். இன்று காலைவரை பதில் வரவில்லை. அவன் சாய்த்துவைத்துவிட்டுப் போன பறை, அதோ, மேடைக்கு இடப்பக்கம் இருக்கிறது. தோல் மாற்றிக் காய்ச்சி வைத்திருக்கிறோம்.