இடம் மாறிய திருகு

பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது பழக்கம். போய்க்கொண்டிருக்கும்போதே வண்டி திணறும். கை தானாகக் கீழே இறங்கி, டேங்குக்கு அடியில் இருக்கும் திருகை ‘ரிசர்வ்’ பக்கம் திருப்பிவிடும். கண் சாலையிலேயே இருக்கும். இரண்டு டேங்க் உள்ள சிறு விமானங்களிலும் அப்படி ஒரு திருகு உண்டு. ஒரு டேங்க் தீரும்போது இன்னொன்றுக்கு மாற்ற அது வேண்டும். அந்தத் திருகு ஒரு விமானத்தில் மட்டும் வேறு இடத்தில் பிறந்த கதை இது.

விமானத்தின் பெயர் லாங்-ஈஸி. கலிபோர்னியாவின் மொஹாவியில் பட்டறை வைத்திருந்த பர்ட் ருட்டானின் வடிவமைப்பு. 1979-இல் முதன்முதலாகப் பறந்தது. ருட்டான் விற்றது விமானத்தை அல்ல, வரைபடத்தை. வாங்கியவர் தன் வீட்டு ஷெட்டில் ஃபோமை வெட்டி, கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, எபாக்ஸி பூசி, ஓய்வு நேரமெல்லாம் செலவழித்து இறக்கையை உருவாக்க வேண்டும். எஞ்சினும் காற்றாடியும் பின்னால் இருக்கும். மூக்கருகே ஒரு குட்டி இறக்கை. விமானி மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் அந்தக் குட்டி இறக்கை முதலில் பிடிப்பை இழக்கும், மூக்கு தானாகத் தாழும், பெரிய இறக்கை தப்பித்துக்கொள்ளும். விமானியின் பிழையைப் பொறுத்துக்கொள்வதற்கென்றே யோசித்த அமைப்பு அது. அதே ருட்டான் வடிவமைத்த வாயேஜர் விமானம்தான் 1986-இல் எங்கும் இறங்காமல், வழியில் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிவந்தது.

வீட்டில் கட்டும் விமானத்துக்கு அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. பெரும்பகுதி வேலையைச் சொந்தக் கையால் செய்திருந்தால், ‘சோதனை’ வகையில் பறக்க அனுமதி கிடைக்கும். வரைபடத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் கட்டுகிறவருக்கு உண்டு.

வரைபடத்தில் அந்தத் திருகு விமானியின் இரு கால்களுக்கு நடுவே, கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. ஆனால் அங்கே அது இருக்க வேண்டுமென்றால் எரிபொருள் குழாய் விமானி உட்காரும் அறைக்குள் வந்துபோக வேண்டும். கட்டியவர்களில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. தான் உட்காரும் இடத்தில் எரிபொருள் கூடாது என்று வால்வைப் பின்னுக்குத் தள்ளினார். அதன் கைப்பிடி விமானியின் இடது தோளுக்குப் பின்னால் போய் நின்றது. எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்று ஒரு குறியும் இல்லை.

1997-இல் அந்த விமானம் பாடகர் ஜான் டென்வரின் கைக்கு வந்தது. ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’ பாடியவர். விமானப்படை அதிகாரியின் மகன். 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் இருந்தாலும் இந்த வகை விமானத்துக்கு அவர் புதியவர்.

அக்டோபர் 12. மான்டரே விமான நிலையத்தில் கிளம்பும் முன் அவரும் ஒரு மெக்கானிக்கும் அந்தக் கைப்பிடியோடு மல்லுக்கட்டினார்கள். எட்டவில்லை. குறடு ஒன்றை மாட்டி நீளம் கூட்டிப் பார்த்தார்கள், அதுவும் உதவவில்லை. எரிபொருள் அளவு காட்டும் குழாய்கள் பின்னிருக்கைப் பக்கம் இருந்ததால், திரும்பாமலே பார்க்கட்டும் என்று மெக்கானிக் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். ஒரு மணி நேரம் போலத்தான் பறக்கப் போகிறேன் என்று சொல்லி, எரிபொருள் நிரப்ப வேண்டாம் என்றுவிட்டார் டென்வர். மாலை 5.12-க்குக் கிளம்பியவர், 5.28-க்குப் பசிபிக் குரோவ் கரையோரக் கடலில் விழுந்தார். விழுவதற்கு முன் எஞ்சின் சத்தம் தேய்ந்ததைக் கரையில் இருந்தவர்கள் கேட்டார்கள். அவருக்கு வயது 53.

பறக்கும்போது அந்தக் கைப்பிடியைத் திருப்ப என்னென்ன அசைவு வேண்டும் என்று விசாரணை அதிகாரிகள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். வலப்பக்கக் கட்டுப்பாட்டுக் கம்பியிலிருந்து கையை எடுக்க வேண்டும். தோள்பட்டை வாரைத் தளர்த்த வேண்டும். உடம்பை இடப்பக்கம் முழுக்கத் திருப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல் ஊன்றும். அது ஊன்றும் இடத்தில் இருப்பது, விமானத்தை வலப்பக்கம் திருப்பும் ரடர் மிதி. அது அழுந்தியதும் விமானம் கை மீறிப் போயிற்று. கவனம் சிதறியதும் எரிபொருள் நிரப்பாததும் காரணங்கள் என்றது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். கைப்பிடி இருந்த இடம், குறி இல்லாதது, போதாத பயிற்சி ஆகியவற்றையும் விபத்துக்குத் துணைபோனவையாகச் சேர்த்தது.

கட்டியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆபத்தைத் தள்ளி வைக்க நினைத்துத்தான் அவர் அந்தத் திருகை நகர்த்தினார். அது எங்கே இருக்கிறது, எப்படித் திரும்பும் என்பது அவர் கைக்கு மனப்பாடம். விமானம் கைமாறியபோது அந்த மனப்பாடம் கூடவே போகவில்லை. நாமே பொருத்திய சுவிட்ச் போர்டில் எது எந்த விளக்கு என்று நமக்குத் தெரியும். புதிதாகக் குடிவருகிறவர் தடவித் தடவித்தான் கற்றுக்கொள்வார். வீட்டில் அதற்கு நேரம் இருக்கிறது. கடலுக்குச் சில நூறு அடி உயரத்தில் டென்வருக்கு அந்த நேரம் இருக்கவில்லை.