மூன்றாம் சோனிக்கின் முப்பது ஆண்டு அலைச்சல்

1994 அக்டோபரில் செகா நிறுவனம் விற்பனைக்கு விட்ட ‘சோனிக் அண்ட் நக்கிள்ஸ்’ வீடியோ கேம் கார்ட்ரிட்ஜுக்குத் தலையில் ஒரு மூடி உண்டு. மூடியைத் திறந்தால் இன்னொரு கார்ட்ரிட்ஜ் செருகும் அளவுக்குப் பள்ளம். எட்டு மாதத்துக்கு முன் வந்திருந்த ‘சோனிக் 3’ஐ அதில் செருகி, இரண்டையும் அடுக்காக மெகா டிரைவ் இயந்திரத்தில் அழுத்தி, சுவிட்சைத் தட்டினால், திரையில் ஒரே தலைப்பு வரும்: சோனிக் 3 அண்ட் நக்கிள்ஸ். தனியாக ஆடும்போது ஆட்டத்தைச் சேமிக்க ஆறு இடம் தந்த சோனிக் 3, இப்போது எட்டு இடம் தரும். குறுக்கே வந்து வந்து வழியை மறித்துச் சிரித்த சிவப்பு நக்கிள்ஸை நாமே எடுத்து ஆடலாம். லாஞ்ச் பேஸ் கட்டத்தோடு கதை முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடுமே, அது ஓடாது. சோனிக் நேராக மஷ்ரூம் ஹில்லின் காளான் காட்டுக்குள் போய் இறங்குவான்.

மூடிக்குள் வேறு கார்ட்ரிட்ஜ்களையும் செருகிப் பார்க்காத பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள். சோனிக் 2 செருகினால் அதில் நக்கிள்ஸ் ஓடுவான். முதல் சோனிக்கைச் செருகினால் ‘முடியவே முடியாது’ என்று திரை கைவிரிக்கும். அப்போது ஏ, பி, சி மூன்று பொத்தான்களையும் ஒருசேர அழுத்தினால் நீலப் பந்துகளைப் பொறுக்கும் துணை ஆட்டம் திறக்கும். அதில் உள்ள கட்டங்கள் 13 கோடியே 42 லட்சத்துக்கு மேல். ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்து, கட்டங்களை இயந்திரமே அடுக்கிக்கொள்ளும்படி விட்டிருந்தார்கள். அத்தனையையும் ஆடி முடிக்க யாருக்கும் ஆயுள் போதாது.

‘லாக்-ஆன்’ என்று பெயர் சூட்டி இதைப் புதுமையாக விளம்பரம் செய்தார்கள். உள்ளே இருந்தது ஒரு நெருக்கடி. சோனிக் 3ஐத் திட்டமிட்டபோது அது ஒரே ஆட்டம். கலிபோர்னியாவில் இருந்த செகா டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் யூஜி நாகா, ஹிரோகஸு யாசுஹாரா தலைமையில் ஜப்பானியக் குழு அதைச் செய்துகொண்டிருந்தது. நேரம் போதவில்லை. 1993 கிறிஸ்துமஸுக்கு வந்திருக்க வேண்டியது தள்ளிப்போனது. அந்த இடத்தை நிரப்ப ‘சோனிக் ஸ்பின்பால்’ அவசரமாகத் தயாரானது. மெக்டொனால்ட்ஸ் கடைகளில் சிறுவர் உணவோடு சோனிக் பொம்மை தரும் ஒப்பந்தம் வேறு 1994 பிப்ரவரியைக் குறித்து வைத்திருந்தது. முழு ஆட்டத்தையும் ஒரே கார்ட்ரிட்ஜில் அடைத்தால் சிப்பின் விலை எங்கோ போய்விடும். எனவே நடுவில் வெட்டினார்கள். முதல் பாதி, 2 மெகாபைட், பிப்ரவரி 2ஆம் தேதி அமெரிக்கக் கடைகளில் இருந்தது. மறுபாதி இன்னொரு 2 மெகாபைட்டாக அக்டோபரில் வந்தது. அந்த மூடி, பிரித்ததைச் சேர்ப்பதற்காக வைத்தது.

இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. மெகா டிரைவில் வந்த சோனிக் ஆட்டங்களில் இதுவே சிறந்தது என்பது என் கட்சி. முதல் கட்டமான ஏஞ்சல் ஐலண்டின் நடுவில் காடே பற்றி எரியும். பசுமையாக ஓடத் தொடங்கிய இடம், ஆடிக்கொண்டிருக்கும்போதே செந்தணலாக மாறிவிடும். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சோனிக் எப்படி அங்கே போனான் என்று ஒரு குட்டிக் காட்சி இருக்கும். அதே சமயம் கார்னிவல் நைட்டின் இரண்டாம் பகுதியில் ஒரு சிவப்புப் பீப்பாய் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதன்மேல் நின்று குதித்துக் குதித்துத்தான் கீழே இறக்க வேண்டும் என்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் நினைத்தார்கள். குதிக்கவே கூடாது. மேல் பொத்தானையும் கீழ்ப் பொத்தானையும் தாளத்தோடு மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். ஆட்டத்தில் வேறெங்கும் இந்த வித்தை தேவைப்படாது, எவரும் சொல்லித் தருவதும் இல்லை. கட்டத்துக்குக் கொடுத்திருக்கும் பத்து நிமிடம் தீர்ந்து உயிர் போகும். அந்தப் பீப்பாயைப் பற்றி இன்றைக்கும் பொருமுகிறவர்கள் உண்டு.

ஆட்டம் பிறந்த கதை இது. அதற்குப் பிறகு அது தொகுப்புகளுக்குள் புகுந்து புறப்பட்ட கதைதான் நீளம்.

1995இல் மெகா டிரைவுக்கு வந்த சோனிக் தொகுப்பில் இதற்கு இடமே இல்லை. சோனிக் 1, சோனிக் 2, வில்லன் ரோபாட்னிக் பெயரில் ஒரு புதிர் ஆட்டம், அவ்வளவுதான். 1997இல் செகா சாட்டர்ன் இயந்திரத்துக்கு ‘சோனிக் ஜாம்’ வந்தது. நான்கு ஆட்டங்களும் உண்டு, லாக்-ஆன் இணைப்பும் உண்டு. பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் எமுலேட்டரை நம்பாமல், ஆட்டங்களைச் சாட்டர்னுக்கென்றே மாற்றி எழுதியிருந்தார்கள். முதல் சோனிக்கில் இல்லாத சுழல் பாய்ச்சலை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். தடைகளைக் குறைத்த எளிய வடிவம் தனியாக உண்டு. அதோடு முப்பரிமாண வெளி ஒன்றில் சோனிக்கை ஓடவிட்டு, பழைய படங்களையும் ஓவியங்களையும் பார்க்கச் செய்யும் ஓர் அருங்காட்சியகமும் இருந்தது. தொகுப்பு போடுகிறவர்களுக்கு இன்றைக்கும் பாடமாக வைக்கலாம். ஆனால் அமெரிக்காவில் சாட்டர்ன் வாங்கியவர்கள் குறைவு என்பதால் பார்த்தவர்களும் குறைவு.

அதே ஆண்டு கணினிக்கு ‘சோனிக் அண்ட் நக்கிள்ஸ் கலெக்‌ஷன்’ வந்தது. அதில் ஓர் ஓரமாக நடந்த மாற்றத்தை அப்போது பலர் கவனித்துவிட்டு மறந்தார்கள். கார்னிவல் நைட், ஐஸ்கேப், லாஞ்ச் பேஸ் ஆகிய மூன்று கட்டங்களில் மட்டும் இசை வேறாக இருந்தது. மற்ற கட்டங்களில் பழைய மெட்டே, கணினிக்கு ஏற்ற மிடி ஒலியில். அந்த மூன்றுக்கும் ஏன் புது மெட்டு?

இங்கேதான் மைக்கேல் ஜாக்சன் வருகிறார். சோனிக் 3இன் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் கிடையாது. ஆனால் பிராட் பக்ஸர் முதலிய அவருடைய இசைக் கூட்டாளிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஜாக்சன் இந்த ஆட்டத்துக்கு இசை அமைத்தாரா, அமைத்தது எடுக்கப்பட்டதா, எடுக்கப்படாமல் பெயர் மட்டும் போனதா என்பதில் சம்பந்தப்பட்டவர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 1993இல் அவர்மீது குற்றச்சாட்டு எழுந்ததும் அவருடைய பங்கு நீக்கப்பட்டது என்பது செகா பக்கம் இருந்தவர்களின் கூற்று. அந்த இயந்திரத்தின் ஒலி அவருக்குப் பிடிக்காததால் பெயர் வேண்டாம் என்றார், இசை உள்ளேயே இருக்கிறது என்று பக்ஸர் 2009இல் ஒரு பிரெஞ்சு இதழிடம் சொன்னார். ஆட்டத்தின் முடிவில் ஒலிக்கும் இசையையும் ஜாக்சனின் ‘ஸ்ட்ரேஞ்சர் இன் மாஸ்கோ’ பாடலையும் அடுத்தடுத்துக் கேட்டால் காது தானே தீர்ப்புச் சொல்லிவிடும். ஐஸ்கேப் பனிமலையில் வரும் மெட்டு இன்னும் பழையது. பக்ஸர் இளமையில் வாசித்த ஜெட்ஸன்ஸ் என்ற குழு 1980களின் தொடக்கத்தில் பதிவு செய்து வெளியிடாமல் விட்ட ‘ஹார்ட் டைம்ஸ்’ பாடலிலிருந்து வந்தது அது. பல ஆண்டு கழித்து அந்தப் பாடல் வெளியானபோது ரசிகர்கள் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள்.

ஆக, ஓர் ஆட்டத்துக்குள் பலருடைய சொத்து கலந்து கிடக்கிறது. மறுபடி விற்கும் ஒவ்வொரு முறையும் யாரிடம் கேட்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி எழும். தொகுப்புகளின் வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால், சோனிக் 3 ஏன் சில பெட்டிகளில் வருகிறது, சிலவற்றில் காணாமல் போகிறது என்று ஊகிக்க முடிகிறது.

தன் இயந்திரத் தொழிலை ஏற்கெனவே விட்டிருந்த செகா, 2002இல் நேற்றுவரை எதிரியாக இருந்த நிண்டெண்டோவின் கேம்கியூபுக்கு ‘சோனிக் மெகா கலெக்‌ஷன்’ போட்டது. சோனிக் 3 பழைய இசையோடு இருந்தது. இணைந்த வடிவம் மட்டும் பூட்டிக் கிடக்கும். இரண்டு பாதிகளையும் பலமுறை திறந்து ஆடினால்தான் அது கிடைக்கும். பலர் ஆடாமலே திறந்து மூடித் திறந்து மூடிப் பூட்டை உடைத்தார்கள். 2009இல் பிளேஸ்டேஷன் 3க்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் வந்த பெருந்தொகுப்பில் நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் இருந்தன. இரண்டு பாதிகளும் இருந்தன, சேர்க்க வழி இல்லை. வீட்டில் இரண்டு கார்ட்ரிட்ஜ் வைத்திருந்த பையன் 1994இல் செய்ததை, பதினைந்து ஆண்டு கழித்து வந்த வட்டு செய்யவில்லை. அடுத்த ஆண்டு நிண்டெண்டோ டிஎஸ் தொகுப்பில் இணைப்பு திரும்பியது. 2018இல் கேம் இயந்திரங்களுக்கு வந்த மெகா டிரைவ் தொகுப்பில் சோனிக் 3 இல்லை. 2019இல் 42 ஆட்டங்களோடு வந்த மெகா டிரைவ் மினியிலும் இல்லை. தொடரின் தலைசிறந்த ஆட்டம் என்று பலர் சொல்வதை விட்டுவிட்டு அந்த இயந்திரத்துக்கே நினைவுச் சின்னம் செய்ய வேண்டுமென்றால், காரணம் சும்மா இருக்காது.

இடையில் வேறொரு பாதை திறந்தது. கிறிஸ்டியன் வைட்ஹெட் என்ற ஆஸ்திரேலிய ரசிகர் ‘ரெட்ரோ என்ஜின்’ என்று தானே ஒன்றை எழுதி, ‘சோனிக் சிடி’யை அதில் மறுபடி கட்டி செகாவிடம் காட்டினார். வழக்குப் போடாமல் வேலை கொடுத்தார்கள். 2011இல் அது வெளியானது. சைமன் தாம்லி என்ற நிரலாளரோடு சேர்ந்து 2013இல் முதல் இரண்டு சோனிக்கையும் கைபேசிக்குக் கொண்டுவந்தார். எமுலேட்டரில் ஆடும்போது மெகா டிரைவின் 320க்கு 224 புள்ளித் திரையைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறோம். வைட்ஹெட் முறையில் ஆட்டமே புதிதாக எழுதப்பட்டதால் அகலத் திரை முழுக்க நிரம்பும். வேகமே உயிரான இந்த ஆட்டத்தில், எதிரே வரும் முள்ளையும் பள்ளத்தையும் ஒரு கணம் முன்னால் பார்க்க முடிவது சின்ன விஷயமில்லை. அடுத்தது சோனிக் 3 என்று 2014இல் மாதிரிக் காணொளி ஒன்றையும் வெளியிட்டார்கள். செகா அசையவில்லை. காத்திருந்து அலுத்த ரசிகர் தரப்பிலிருந்து ‘சோனிக் 3 ஏ.ஐ.ஆர்.’ வந்தது. இலவசம்தான், ஆனால் கணினி ஆட்டக் கடையான ஸ்டீமில் விலை கொடுத்து வாங்கிய சோனிக் 3இன் கோப்பை நாம் தந்தால்தான் ஓடும்.

2019 நவம்பரில், பழைய கேம்களைத் தேடிப் பாதுகாக்கும் ஹிட்டன் பேலஸ் குழுவினர் 1993 நவம்பர் தேதியிட்ட சோனிக் 3இன் முன்வரைவு ஒன்றை வெளியிட்டார்கள். அதை ஓடவிட்டபோது அந்த மூன்று கட்டங்களிலும் கேட்டது, கணினிப் பதிப்பில் வந்த அதே ‘மாற்று’ மெட்டு! கணினிக்காகப் புதிதாகப் போட்டதென்று எல்லோரும் நினைத்தது, உண்மையில் ஜாக்சன் குழுவின் இசைக்கு முன்பே அங்கே இருந்தது. செகா 1997இல் தன் பழைய பெட்டியைத் திறந்து எடுத்திருக்கிறது.

2022இல் அந்தப் பெட்டி மறுபடி திறந்தது. சோனிக்கின் பிறந்தநாளான ஜூன் 23 அன்று ‘சோனிக் ஆரிஜின்ஸ்’ வெளியானது. முதல் சோனிக், சிடி, இரண்டு, மூன்றும் நக்கிள்ஸும் என எல்லாம் அகலத் திரையில். எட்டு ஆண்டு முன்பு ரசிகர்கள் கேட்டது கடைசியில் கிடைத்தது. மூன்று கட்டங்களில் மட்டும் முன்வரைவின் மெட்டு, செகாவின் இசையமைப்பாளர் ஜுன் செனூவே கைவண்ணத்தில். அதைக் கேட்ட யூஜி நாகா, மைக்கேல் ஜாக்சன் இசையைப் போய் மாற்றிவிட்டார்களே என்று ட்விட்டரில் வியந்து எழுதினார். பல ஆண்டு ஊகத்துக்கு ஆட்டத்தைச் செய்தவரே போகிறபோக்கில் பதில் சொல்லிவிட்டார். ஆரிஜின்ஸில் வேலை செய்த சைமன் தாம்லியோ வேறு கணக்கைத் திறந்தார்: நேரம் கேட்டோம், தரவில்லை, நாங்கள் செய்யாத பிழைகள் பிறகு உள்ளே வந்தன என்றார். சோனிக்கின் கூடவே ஓடும் டெயில்ஸ் எங்கோ சிக்கிக்கொண்டு ஓயாமல் குதிக்கும் ஓசை காதைத் துளைத்ததாக வாங்கியவர்கள் புலம்பினார்கள். பிழைகள் பின்னால் ஓரளவு திருத்தப்பட்டன. பின்னணிச் சட்டகம், கூடுதல் இசை போன்ற சில்லறைகளைத் தனித்தனியாக விலைக்கு வைத்திருந்ததும் நல்ல பெயர் வாங்கித் தரவில்லை.

இவற்றையெல்லாம் பொறுக்கலாம். இசை உரிமை செகாவின் கையில் மட்டும் இல்லை. மாற்று மெட்டைப் போட்டாவது ஆட்டத்தை வெளியே கொண்டுவந்தது நல்லதுதான். பொறுக்க முடியாதது ஆரிஜின்ஸ் வருவதற்கு ஒரு மாதம் முன்பு நடந்தது. மே 20 அன்று சோனிக் 3 அண்ட் நக்கிள்ஸ் உட்பட அந்த நான்கு ஆட்டங்களின் பழைய டிஜிட்டல் வடிவங்களை ஒருசில விலக்குகள் தவிர எல்லாக் கடைகளிலிருந்தும் செகா எடுத்துவிட்டது. புதுப் பதிப்பு விற்க வேண்டும் என்பதற்காகப் பழைய பதிப்பை அலமாரியிலிருந்து உருவும் பதிப்பாளரை வாசகர் மதிக்க மாட்டார். திருத்திய பதிப்பை வைத்துக்கொள்ளட்டும்; திருத்தாததையும் பக்கத்தில் வைத்திருந்தால் எது வேண்டும் என்று வாங்குகிறவர் முடிவு செய்திருப்பார்.

கடையிலிருந்து நீக்கினாலும், அதற்கு முன் ஸ்டீமில் வாங்கியவர்களின் கணக்கில் பழைய சோனிக் 3 அப்படியே இருக்கிறது. ஐஸ்கேப்பின் 1994 மெட்டோடு. ஏ.ஐ.ஆர். கேட்பதும் அந்தக் கோப்பைத்தான். எப்போதோ தள்ளுபடியில் வாங்கிப் போட்டு மறந்தவர்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். இருந்தால் இறக்கி, வேறொரு வட்டிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.