பாப்பாரப்பட்டியா, பாப்பிரெட்டிப்பட்டியா? ஏஐ ஏஜென்ட்டையும் குழப்பும் கிளஸ்டர் பெயர்!

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நின்று "பாப்... பட்டிக்கு ஒரு டிக்கெட்" என்று பாதியை முழுங்கிச் சொல்லிப் பாருங்க. "எந்தப் பட்டி?" என்பார் கண்டக்டர். பாப்பாரப்பட்டி பென்னாகரம் பக்கம், சுப்பிரமணிய சிவா வாழ்ந்து மறைந்த ஊர். பாப்பிரெட்டிப்பட்டி அரூர் பக்கம், தனி தாலுகா. ஒரே மாவட்டம்தான், ஆனா ஆளுக்கொரு திசை.

கண்டக்டர் கேட்ட அந்தக் கேள்வியை ஏஐ ஏஜென்ட் பல நேரம் கேட்காது. தானே ஒன்றை ஊகித்துக்கொண்டு கிளம்பிவிடும். ஐடி நிறுவனங்களின் சர்வர்களைக் கவனிக்கும் வேலையும் ஏஜென்ட்டுகள் கைக்குப் போகும் நேரத்தில், இது சின்ன விஷயம் இல்லை.

கிளஸ்டர் என்றால் என்ன?

ஒரு செயலி ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டினால் அது கன்டெய்னர். கன்டெய்னர்களைப் பல கணினிகளில் பிரித்து ஓடவிட்டு, ஒன்று விழுந்தால் இன்னொன்றை எழுப்பும் மென்பொருள் குபர்நெட்டிஸ். கூகுள் 2014-ல் இதை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. கிரேக்க மொழியில் 'மாலுமி' என்று பொருள். இப்படிச் சேர்ந்து வேலை செய்யும் கணினிக் கூட்டம்தான் கிளஸ்டர்.

ஏஜென்ட் இதை எப்படித் தேடுகிறது?

முன்பு இன்ஜினியர் கமாண்ட் அடித்துப் பார்ப்பார். இப்போது அந்த வேலையைச் செய்யும் கருவிகளை ஏஐ மாடலிடம் கொடுக்கிறார்கள். இதற்கான பொது முறையாக, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்பதை அறிமுகப்படுத்தியது. இதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன தகவல் தர வேண்டும் என்ற படிவம் இருக்கும். கருவிக்குள் இருக்கும் கோடிங் பொதுவாக மாடல் கண்ணுக்குத் தெரியாது. அந்த விளக்கத்தைப் படித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பது என்று முடிவு செய்கிறது.

கூகுளின் குபர்நெட்டிஸ் சேவைக்கான எம்சிபி சர்வரில் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, எல்லா கிளஸ்டர்களையும் பட்டியலிடும். இன்னொன்று, ஒரே ஒரு கிளஸ்டரின் விவரத்தைத் தரும். இரண்டுக்கும் "கிளஸ்டர் தகவல் தரும்" என்று மட்டும் எழுதி வைத்தால்? எதை எடுப்பது என்று ஏஜென்ட் திணறும்.

சிக்கல் பெயரில்தான்

கூகுள் சேவையில் ஒரு கிளஸ்டரின் பெயர், அந்த ப்ராஜெக்ட்டுக்குள் அந்த லொகேஷனில் மட்டும்தான் தனித்தன்மையானது. அதாவது 'பேமென்ட்' என்ற பெயரில் மும்பையில் ஒன்று, டெல்லியில் ஒன்று இருக்கலாம். மும்பை கிளஸ்டர் படுத்துக் கிடக்கும்போது ஏஜென்ட் டெல்லியைப் பார்த்துவிட்டு "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொன்னால் என்ன ஆகும்? பணம் கட்ட முடியாமல் தவிக்கிறவர் நம்ம ஊர்க்காரராகவும் இருக்கலாம்.

சரி, எப்படி எழுதணும்? நாம் எழுதிப் பார்த்த ஒரு மாதிரி இதோ:

"பெயர் தெரிந்த ஒரே ஒரு கிளஸ்டரின் நிலை, பதிப்பு, நோடுகளின் எண்ணிக்கையைக் காட்டும். எதையும் மாற்றாது. ப்ராஜெக்ட் ஐடி, லொகேஷன், கிளஸ்டர் பெயர் மூன்றும் கட்டாயம். லொகேஷன் தெரியாவிட்டால் ஊகிக்கக் கூடாது. முதலில் பட்டியல் கருவியை அழைக்கவும். கிளஸ்டருக்குள் ஓடும் செயலிகளின் நிலையை அறிய இதைப் பயன்படுத்த வேண்டாம்."

கடைசி வரிதான் பலரும் விட்டுவிடுவது. ஒரு கருவி எதற்கு உதவாது என்று சொல்வதும் விளக்கம்தானே! அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதவும் கூடாது. எல்லாக் கருவிகளின் விளக்கத்தையும் மாடல் சேர்த்தே சுமக்கிறது.

பதில் வராத நேரமும் முக்கியம். தேடிய கிளஸ்டர் இல்லை என்றால் வெறும் காலிப் பதில் போதாது. கிளஸ்டரே இல்லை என்று நினைத்து ஏஜென்ட் புதுசா ஒன்றை உருவாக்கிவிட்டால் பில் உங்களுக்குத்தான் வரும். "மும்பையில் இந்தப் பெயரில் இல்லை, பட்டியலைப் பாருங்கள்" என்று பதில் வந்தால் அடுத்த அடி சரியாக விழும்.

விளக்கம் எழுதினாலே பாதுகாப்பா?

இல்லை. 'படிக்க மட்டும்' என்று குறிக்க எம்சிபியில் வசதி உண்டு, ஆனா அது வெறும் குறிப்புதான், பூட்டு இல்லை. அழிக்கும் அதிகாரமே இல்லாத, பார்க்க மட்டும் அனுமதி உள்ள கணக்கை ஏஜென்ட்டுக்குக் கொடுப்பதுதான் பூட்டு.

செட்டிக்கரை அரசு இன்ஜினியரிங் கல்லூரி மாணவரோ, பெங்களூருவில் வேலை தேடுகிறவரோ, இதைக் காசு செலவில்லாமல் பழகலாம். மினிகியூப் என்ற இலவச மென்பொருள் உங்க லேப்டாப்பிலேயே சின்ன கிளஸ்டரை ஓட்டும். வேறு வேறு பெயரில் இரண்டை உருவாக்குங்க. ஏஜென்ட்டிடம் எது என்று சொல்லாமல் "கிளஸ்டர் எப்படி இருக்கு?" என்று கேளுங்க. பட்டியலைத் தேடுகிறதா, தானாக ஒன்றைப் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்க. பிடித்துக்கொண்டால், விளக்கத்தைத் திருத்திவிட்டு மறுபடியும் கேளுங்க.