மலையும் அச்சமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் முதுகு வளைய மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளரைக் காணுந்தோறும், மலையேற்றத்தின் மெய்யியல் பேசும் நூல்கள் ஓரத்தில் நிறுத்திவிடும் ஒருவன் நம் நினைவுக்கு வருகின்றான். சுமைகூலிக்காரனே அவன். ஆபத்தை நாடி மலையேறுபவன் அச்சத்தை வென்று தன்னை அறிகின்றான் என்பர். அவனுடைய சுமையைத் தூக்கிச் சென்றவனின் அச்சம் எக்கணக்கில் எழுதப்பட்டது?

மலை தரும் அச்சம் மிகப் பழையது. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, சிவனொளிபாதமலையின் செங்குத்தான பாதையிற் பத்துச் சங்கிலிகளைக் கண்டார். பத்தாவது சங்கிலி கலிமாவின் பெயரால் அழைக்கப்பட்டது. அதனை எட்டியவர் கீழே நோக்கி, விழுந்துவிடுவோமோ என அஞ்சிக் கலிமா ஓதுவராம். இங்கு அச்சம் தனிமனிதன் வென்று பெருமை கொள்ளும் பொருளன்று. அதற்குப் பெயரிட்டு, இரும்பில் ஒரு பிடியும் அமைத்து, பல சமயத்தாரும் பற்றியேறுமாறு சமூகம் அதனைப் பொதுவாக்கியிருந்தது.

ஆபத்தை விரும்பித் தேடுதல் பின்வந்த பண்பு. ஆபத்து நெருங்கி அழுத்தாதவிடத்துப் பயங்கரமும் இன்பம் தரும் என 1757இல் எட்மண்ட் பேர்க் எழுதினார். சரியாக நூறாண்டின் பின், 1857இல், இலண்டனில் அல்பைன் கழகம் தோன்றிற்று. வழக்கறிஞரும் மதகுருமாரும் பேராசிரியரும் அதில் நிறைந்திருந்தனர். ஓய்வும் பணமும் வாய்த்த மத்தியதர வர்க்கத்துக்கு, வாழ்வில் அருகிப்போன ஆபத்து ஒரு நுகர்பொருளாயிற்று எனலாம்.

1865 யூலை 14இல் மற்றர்ஹோர்ண் சிகரத்தை முதன்முதலாக எட்டி இறங்குகையிற் கயிறு அறுந்து நால்வர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் கூலிக்கு வந்த வழிகாட்டி மிசேல் குரோ. உயிர் தப்பிய மற்றொரு வழிகாட்டியான மூத்த தவுக்வால்டர்மீது கயிற்றை அறுத்தான் என்ற பழி எழுந்தது. விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்ற பின்னரும் அவதூறு ஓயவில்லை. பயணத்தைத் திட்டமிட்ட எட்வேட் விம்பரோ நூலெழுதிப் புகழ்பெற்றார்.

அதே காலப்பகுதியில், பிரித்தானிய மூலதனம் கண்டி மலைகளைக் கோப்பித் தோட்டங்களாக்கிக்கொண்டிருந்தது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மன்னாரில் வந்திறங்கியோர், காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் பலரை வழியிலேயே வீழ்த்தின. விம்பர் ஏறிய மலையை விட இவர்கள் ஏறிய மலை தாழ்ந்ததே. ஆயினும் ஆபத்தின் அளவு மலையின் உயரத்தால் மட்டும் அமைவதன்று; திரும்பிச் செல்லும் சுதந்திரம் எவருக்குண்டு என்பதை மனங்கொள்ளல் வேண்டும். விம்பர் விரும்பின் இறங்கியிருக்கலாம். முற்பணக் கடனாற் கங்காணியுடன் பிணைக்கப்பட்டவனுக்கு அவ்வாய்ப்பு அரிது. 

எவரெஸ்ற் வரலாறும் இதற்குப் புறம்பானதன்று. 1922இற் பனிச்சரிவில் இறந்த எழுவரும் சுமைகாவிகளே. 2014 ஏப்ரல் 18இல் கும்பு பனிவீழ்ச்சியிற் பதினாறு நேபாளத் தொழிலாளர் மாண்டபோது, ஈமச்செலவுக்கென நேபாள அரசு முதலில் அறிவித்த தொகை குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபா. இம்முறை ஷெர்ப்பாக்கள் ஏற மறுத்தனர். கூடுதலான காப்புறுதியும் இழப்பீடும் கோரினர். பெருந்தொகை செலுத்தி வந்திருந்தோர் அடிவார முகாமிலிருந்து மூட்டை கட்டினர். நேபாளப் பக்கத்தில் அவ்வாண்டின் வசந்தகால ஏற்றம் ஏறக்குறைய முற்றாக நின்றுபோயிற்று.