சாக்கு படுதாவான கதை

பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளில் தொங்கிய சாக்குப் படுதாவுக்குப் பூர்வீகம் கங்கைச் சமவெளி. சித்திரை வாக்கில் அங்கே விதைத்த சணல் நான்கு மாதத்தில் ஆளுயரத்தைத் தாண்டிப் பத்தடிவரை வளர்ந்து நிற்கும். அறுத்துக் கட்டுக்கட்டாகக் குளத்திலோ ஓடையிலோ அமுக்கி மேலே பாரம் ஏற்றிவிடுவார்கள். இரண்டு மூன்று வாரம் ஊறினால், நாரைத் தண்டோடு பிடித்துவைத்திருக்கும் பசையை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். பிறகு இடுப்பளவு தண்ணீரில் நின்று நாரை உருவ வேண்டும். அந்தக் குட்டை நாற்றத்தில் நாள் முழுக்க நிற்பவர்களின் கூலிதான் இந்தப் பயணத்தில் நம் கண்ணில் படாத முதல் செலவு.

ஹூக்ளிக் கரையில் ரிஷ்ரா என்ற ஊரில் ஜார்ஜ் ஆக்லண்ட் 1855-ல் தொடங்கிய ஆலைதான் இந்தியாவின் முதல் சணல் ஆலை. அதன்பின் அந்த ஆற்றங்கரை நெடுக ஆலைகள் முளைத்தன. 1947-ல் நாடு பிரிந்தபோது சணல் விளையும் வயல்களில் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. ஆலைகள் கல்கத்தாவைச் சுற்றி இந்தியாவிலேயே நின்றன. ஆலையின் பசிக்காகத்தான் மேற்கு வங்கத்திலும் அசாமிலும் பிகாரிலும் சணல் சாகுபடி விரிந்தது. பிளாஸ்டிக் பை வந்து சந்தையைப் பிடித்தபோது, தானியத்தையும் சர்க்கரையையும் சணல் பையில்தான் கட்ட வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்த 1987-ல் ஒரு சட்டம் வழிசெய்தது. ரேஷன் அரிசி இன்றும் சணல் சாக்கில் வந்து இறங்குவது அதனால்தான்.

அரிசியை இறக்கிய சாக்குக்கு அத்துடன் வேலை முடிவதில்லை. பழைய சாக்கு வியாபாரி அதை எடுத்துப்போய், உதறி, கிழிசலைக் கோணி ஊசியால் தைத்து, தரம் பிரித்து விற்கிறார். அடுத்த சுற்றில் அதில் மக்காச்சோளம் ஏறலாம், புண்ணாக்கு ஏறலாம். நாமக்கல் தீவன ஆலைகளுக்குப் பிகாரிலிருந்து ரயிலில் மக்காச்சோளம் வருகிறது. அங்கே பூர்ணியா, கட்டிஹார் மாவட்டங்களில் சணலும் விளைகிறது, மக்காச்சோளமும் விளைகிறது. ஒரே மண்ணில் விளைந்த இரண்டும், ஒன்று மூட்டையாகவும் மற்றது மூட்டைக்குள் இருப்பதாகவும், கொங்கு நாட்டுக்கு வந்து சேர்ந்தால் வியப்பில்லை.

மூட்டை தூக்க லாயக்கில்லாமல் போன சாக்கு பண்ணைக்காரர் கைக்கு வருகிறது. ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்துக்கொண்டால் மழைக்குக் கொங்காணி. பிரித்து விரித்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தால் செட்டுக்குப் படுதா.

கோழிச் செட்டுக்குப் படுதா எதற்கு? வெயில் உள்ளே விழாதிருக்கச் செட்டைக் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டுகிறோம். காற்று குறுக்கே ஓடிவிட வேண்டும் என்பதால் அகலம் முப்பது அடியைத் தாண்டுவதில்லை. நீளப் பக்கத்தில் ஒன்று, ஒன்றரை அடிக்குச் சுவர். அதற்கு மேல் கூரைவரை வெறும் கம்பி வலை. கூரை மூன்று நான்கு அடி வெளியே நீண்டிருந்தாலும் சாய்ந்து அடிக்கும் மழையை அது தடுக்காது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாயும் காற்று, இதே வட்டாரத்தில் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று, செட்டுக்குள்ளும் புகுகிறது. ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து சாரல். கீழே பரப்பிய உமியும் நார்க்கழிவும் நனைந்தால் எச்சத்தோடு சேர்ந்து கட்டிதட்டும்; அம்மோனியா கிளம்பும்; இரத்தக் கழிச்சல் வரும். முதல் வாரக் குஞ்சுக்கு 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும் என்பது வேறு.

பயந்துபோய் நான்கு பக்கமும் இறுக்கி மூடினால் அடுத்த தொல்லை. சூடேற்றக் கரியடுப்பு வைத்திருந்தால் நச்சுவாயு உள்ளேயே சுற்றும். அம்மோனியா பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டினாலே கண்ணும் மூச்சுக்குழலும் கெடுகின்றன. ஆக்சிஜன் குறைந்தால், வேகமாக வளர்கிற கறிக்கோழியின் இதயம் திணறி, வயிற்றில் நீர் கோக்கும். குளிரில் செத்த குஞ்சுக்குக் குளிரைக் குற்றம் சொல்கிறோம். மூச்சுமுட்டிச் செத்ததற்கும் குளிரையே சொல்கிறோம்.

இங்கேதான் சாக்கின் குணம் தெரிகிறது. அது காற்றை முழுக்க மறிப்பதில்லை. நெருக்கமில்லாத நெசவின் கண்கள் வழியே கொஞ்சம் காற்று உள்ளே வருகிறது, வேகம் மட்டும் செத்துவிடுகிறது. கெட்டிச் சுவரில் மோதும் காற்று மேலேறித் தாண்டி மறுபக்கம் சுழன்று விழும். பாதி வழிவிடும் தடுப்பில் அந்தச் சுழல் குறைவு. வரப்போரம் சவுக்கும் அகத்தியும் நட்டுக் காற்றைத் தடுப்பதும் இதே கணக்கில்தான். கோடையில் சாக்கின்மேல் தண்ணீர் தெளித்தால் உள்ளே வரும் காற்று குளிர்ந்து வரும். ஆட்டுப் பட்டியிலும் இதே படுதாதான். ஆடு பனியைக்கூடப் பொறுக்கும், நனைவதைப் பொறுக்காது.

சாக்கை இத்தோடு புகழ்ந்து விட்டுவிட முடியாது. சணல் சும்மா தொங்கும்போதே காற்றிலிருந்து தன் எடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடைமழையில் கனத்துத் தொங்கும், பூசணம் பிடிக்கும், ஓரிரண்டு மழைக்காலத்தில் மட்கிக் கையோடு வரும். தூசியும் எச்சமும் இழைக்குள் ஏறிவிட்டால் கிருமிநாசினி அடித்தும் சுத்தமாகாது. இன்னொரு பண்ணையில் கிடந்த சாக்கு நோயையும் சேர்த்துக் கொண்டுவரும். ஒவ்வொரு கோழி ஈட்டுக்கும் செட்டைக் கழுவிக் காயவிட வேண்டிய இந்தத் தொழிலில் இது பெரிய குறை.

ஆகவே பிளாஸ்டிக் தீவனப் பையைத் தைத்த படுதா வந்தது, அதன்பின் தார்ப்பாய் வந்தது. கழுவலாம், மட்காது. வந்ததில் தப்பில்லை. ஆனால் சாக்கைக் கட்டிய பழக்கத்தோடு தார்ப்பாயையும் கட்டியதுதான் வினை. பல செட்டுகளில் இன்றும் படுதாவை மேலே ஆணியடித்துக் கீழே தொங்கவிடுகிறார்கள். காற்று வேண்டுமென்று கீழிருந்து சுருட்டினால் குளிர்காற்று நேராகக் குஞ்சின்மேல் விழும், சூடும் வாயுவும் கூரையடியில் தங்கும். சாக்கு தன் கண்களால் இந்தத் தவற்றை ஓரளவு ஈடுகட்டியது. தார்ப்பாய்க்கு அந்தக் கண்கள் கிடையாது.

தார்ப்பாயின் கீழ் விளிம்பைக் கைச்சுவரோடு இறுக்கிப் பிடியுங்கள். மேல் விளிம்பில் குழாயைக் கோத்துக் கயிறும் கப்பியும் போட்டு, கீழிருந்து மேலே ஏற்றுங்கள். எவ்வளவு மழையானாலும் கூரைக்குக் கீழே ஓரடி இடைவெளி விடுங்கள்; அங்கே சாரல் படுமென்றால் கூரையை நீட்டுங்கள், இடைவெளியை அடைக்காதீர்கள். சாரல் அடிக்காத பக்கத்தைப் பகலில் இறக்கியே வையுங்கள். விடியற்காலையில் செட்டுக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால் படுதா அதிகமாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். மேலே ஆணியடித்த படுதா உங்கள் செட்டிலும் இருந்தால், ஐப்பசி பிறக்கும் முன் மாற்றிக் கட்டிவிடுங்கள்.