நீக்கிய பேச்சும் அச்சேறிய செய்தியும்: சட்டமன்றச் செய்தி உரிமையின் வரலாறு

1957 மே 30 அன்று பீகார் சட்டமன்றத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் முதல்வர் ஸ்ரீகிருஷ்ண சின்ஹாவைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். அதில் சில பகுதிகளை அவைக்குறிப்பிலிருந்து நீக்கும்படி சபாநாயகர் உத்தரவிட்டார். மறுநாள் பாட்னாவின் ‘சர்ச்லைட்’ நாளிதழில் அந்தப் பேச்சு நீக்கிய பகுதிகளோடு முழுமையாக வெளிவந்தது. ஆசிரியர் எம்.எஸ்.எம். சர்மாவுக்கு உரிமை மீறல் நோட்டீஸ் போனது.

அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1958 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் அவையின் பக்கம் நின்றார்கள். சுப்பாராவ் ஒருவர்தான் மாறுபட்டார். அரசியலமைப்பின் அன்றைய 194(3) பிரிவின்படி, 1950இல் பிரிட்டிஷ் மக்களவைக்கு என்னென்ன உரிமைகள் இருந்தனவோ அவையே நம் மாநில அவைகளுக்கும். விவாதங்களை வெளியிடக் கூடாது என்ற பழைய தடையை அந்த மக்களவை அப்போதும் ஏட்டில் வைத்திருந்தது. 1771இல் அச்சகத்தாருக்குத் துணைநின்ற லண்டன் மேயர் பிராஸ் கிராஸ்பியை டவர் சிறையில் அடைத்துப் பார்த்தும் பயனில்லாமல், நடைமுறையில் அந்தத் தடை வழக்கொழிந்துபோயிருந்தது. அப்படிப்பட்ட தடைதான் பாட்னாவில் உயிர்பெற்றது. பிரிட்டிஷ் மக்களவை அதை முறைப்படிக் கைவிட்டது 1971இல்தான்.

‘சர்ச்லைட்’ விவகாரத்துக்கு முன்பே, பெரோஸ் காந்தி கொண்டுவந்த தனிநபர் மசோதா 1956இல் சட்டமாகியிருந்தது. நாடாளுமன்ற நடவடிக்கைகளைக் கெட்ட நோக்கமின்றி, பெருமளவு உண்மையாக வெளியிட்டால் வழக்குத் தொடர முடியாது என்றது அது. மாநில அவைகளுக்கு அது பொருந்தவில்லை. நெருக்கடி நிலையின்போது அவர் மனைவி இந்திரா காந்தியின் அரசே அதை நீக்கியது. ஜனதா அரசு 1977இல் மீட்டது. அடுத்த ஆண்டு நிறைவேறிய 44ஆவது திருத்தம் 361ஏ பிரிவைச் சேர்த்து, அதே பாதுகாப்பை மாநிலங்களுக்கும் நீட்டித்தது.

அந்தப் பிரிவின் வாசகத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘எந்த நீதிமன்றத்திலும்’ வழக்கு நடத்த முடியாது என்றுதான் அது சொல்கிறது. அவையே கூடி விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. செய்தியாளருக்குக் கிடைத்த கவசத்தின் பெரிய ஓட்டை இது என்பேன்.

நீதிமன்றச் செய்தியின் கதை வேறு. அங்கே திறந்த விசாரணை என்பதே பொதுவிதி. ஆனால் அதற்கும் விலக்கு உண்டு: சாட்சி ஒருவரின் வாக்குமூலத்தை வெளியிடக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் போட்ட தடையை 1966இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆக, அவையின் கோபத்துக்கு அஞ்சி நீதிமன்றத்தை நாடும் பத்திரிகை, அங்கும் முழுச் சுதந்திரத்தோடு நுழைவதில்லை.

361ஏ பிரிவு தந்த கவசத்தின் ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைத் தமிழகம் 2003இல் கண்டது. முதல்வர் ஜெயலலிதாவின் அவைப் பேச்சுகளைப் பற்றி ‘தி இந்து’ ஏப்ரலில் வெளியிட்ட செய்திகளில், அவர் எந்தத் தொனியில் பேசினார் என்பதை வருணித்த சொற்களே குற்றமாயின. பேசியதைத் திரித்தார்களா என்பதைவிட, பேசிய விதத்தைச் சொல்லலாமா என்பதே கேள்வியாக நின்றது. மாடத்தில் உட்கார்ந்து குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டவர் அதை எழுதாமல் வேறு எதை எழுதுவது? அந்தச் செய்திகளுக்காகவும், அவற்றையொட்டி எழுந்த தலையங்கத்துக்காகவும், நவம்பர் 7 அன்று பேரவை அந்நாளிதழின் ஆசிரியர் உள்ளிட்டோருக்கும், தலையங்கத்தை மொழிபெயர்த்து வெளியிட்ட ‘முரசொலி’யின் ஆசிரியருக்கும் 15 நாள் சிறை விதித்தது. கைது செய்யப் போலீசார் அலுவலகத்துக்கே போனார்கள். உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைதான் அவர்களைக் காத்தது.

அவையின் உரிமைகளைச் சட்டமியற்றி வரையறுக்கலாம் என்று 194(3) பிரிவே இடம் கொடுத்திருக்கிறது. அதற்கான முழுமையான சட்டத்தைத் தமிழக அவை இன்னும் இயற்றவில்லை.