கடலுக்குள்ள போன மதராஸ் காசு

துபாய், ஷார்ஜா பக்கம் இருக்கிறவங்க "ஃபுலூஸ்" என்ற வார்த்தையைக் கேட்காம ஒரு நாளைக் கடத்த முடியாது. பேச்சு அரபியில பணத்துக்கு அதுதான் பேர். கடைக்காரர் திருப்பித் தர்ற சில்லறை ஃபில்ஸ். 100 ஃபில்ஸ் ஒரு திர்ஹாம். ரெண்டும் ஒரே வேர்தான்: "ஃபல்ஸ்" என்ற பழைய செப்புக்காசு. சரி, இதே வார்த்தை நம்ம மதராஸ் காசு ஒண்ணோட முதுகுல இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா? :-)

முதுகலை படிக்க இங்கே வந்த பிறகு நான் சேர்க்க ஆரம்பிச்ச பழங்காசுகளில் எனக்கு ரொம்பப் பிடிச்சது 1808ஆம் வருஷத்து இருபது காசு. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிங்கச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்துல "பீஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்". அதாவது, இருபது காசு நாலு ஃபுலூஸ் ஆகும். "காஸ்" வேற ஒண்ணுமில்லை, நம்ம காசுதான். தமிழ் வார்த்தை, பாரசீக எழுத்து, லத்தீன் வாசகம், இங்கிலாந்துத் தயாரிப்பு! ஆனா காசுல ஒரு தமிழ் எழுத்து கூட கிடையாது.

இது எங்கே அடிச்சது தெரியுமா? பர்மிங்ஹாமில், மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில். ஜேம்ஸ் வாட்டோட சேர்ந்து நீராவி எஞ்சின் வியாபாரம் பண்ணினாரே, அதே போல்டன். நீராவியில ஓடுற எந்திரம் ஒரே அளவில், ஒரே வட்டத்தில் காசுகளை அடிச்சுத் தள்ளியது. 1801ல் ஆற்காட்டு நவாப்பின் சீமை முழுசா கம்பெனி கைக்கு வந்தாச்சு. அவ்வளவு பெரிய நாட்டில் சந்தைக்கும் கூலிக்கும் சில்லறை வேணுமே!

அப்போ மதராஸ் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக ஒரு தங்க வராகன் 3360 காசு. வராகனும் ரூபாயும் வியாபாரிகள் கையில புழங்கும். உப்பும் புளியும் வாங்குற ஏழை சனங்களுக்குச் செப்புக்காசுதான் பணம்.

இந்தக் காசுகளைப் பீப்பாய் பீப்பாயா ஏத்திக்கிட்டு மதராஸுக்குக் கிளம்பிய கப்பல் 'அட்மிரல் கார்ட்னர்'. 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்னாடியே, புயலில் சிக்கி குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிப் போச்சு. மதராஸ் சந்தைக்குப் போக வேண்டிய சில்லறை 170 வருஷத்துக்கு மேல மணலுக்கடியில் கிடந்தது. 1980களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் வெளியே எடுத்தாங்க. அதனாலதான் இருநூறு வருஷம் தாண்டியும் என்னை மாதிரி மாணவன் பட்ஜெட்டுக்கே கிடைக்குது. பல காசுகளில் தேய்மானமே இல்லை. எப்படி இருக்கும்? ஒரு கூலிக்காரரோட முந்தியிலும் முடிஞ்சு வைக்கப்படாத காசு அது.

அதே 1809ன் கடைசியில் கம்பெனிப் படை ராஸ் அல் கைமாவைத் தாக்கியது. 1820ல் இந்தக் கரையோர ஷேக்குகளோட ஒப்பந்தம். வளைகுடா விவகாரத்தை பம்பாய் அரசு பார்த்துக்கிட்டது. வியாபாரமும் இந்தியாவோட என்பதால், பின்னாளில் இந்திய ரூபாயே இங்கே புழங்கியது. 1959ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு வெளியிட்டது. தங்கக் கடத்தலால் அந்நியச் செலாவணி கரைஞ்சதுதான் காரணம். 1966 ஜூனில் இந்தியா ரூபாய் மதிப்பைக் குறைச்சதும் இவங்க விலகிப் போனாங்க. 1973ல் அமீரகத்துக்கு திர்ஹாம் வந்தது. ஆனா ஓமனில் இன்னிக்கும் 1000 பைசா ஒரு ரியால். வார்த்தை மட்டும் ஊர் திரும்பவே இல்லை!

இனிமேதான் முக்கியமான விஷயம். "1818, கிழக்கிந்தியக் கம்பெனி, ராமர் பட்டாபிஷேகம் போட்ட அணா, கோடி ரூபாய் பெறும்" என்று யாராவது சொன்னா நம்பாதீங்க. கம்பெனி அப்படி ஒரு காசை அடிச்சதே கிடையாது. அது அரிசியை இழுக்கும், இரிடியம் சக்தின்னு சொல்றது சுத்த மோசடி. வளைகுடாவில் வெயில்ல நின்னு சம்பாதிச்சு ஊருக்கு அனுப்புற பணம் இப்படியும் போகுது.

சாமி உருவம் போட்ட கம்பெனி காசே இல்லையான்னு கேட்டா, இருந்தது. அதே காலத்து மதராஸ் வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் சாமி. அதில் தமிழும் தெலுங்கும் கூட உண்டு. நாணயம் சேர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச காசு. அதுல மந்திரமும் இல்லை, கோடியும் இல்லை.

அதனால நண்பர்களே, ஊர்ல யாராவது "அபூர்வ நாணயம்"னு முன்பணம் கேட்டா, எந்த வருஷம், எந்த நாணயச்சாலை, என்ன எடைன்னு மூணு கேள்வி கேட்கச் சொல்லுங்க. உண்மையான காசு மூணுக்கும் பதில் சொல்லும். பொய்க்காசு அரிசியைக் காட்டும்.